சேற்றுக்காலோடு ஓடும் எழுத்து

பிள்ளைகளே, ஐப்பசி மழை விட்ட மறுநாள் புதூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்குள் நடந்திருக்கிறீர்களா? முதல் நாலு அடி சும்மா போகும். ஐந்தாவது அடியில் மண் உள்ளங்காலைப் பிடிக்கும். பத்தாவது அடிக்குள் கெண்டைக்கால் எப்போதும் போல மெலிந்திருக்க, பாதம் மட்டும் அகலமாக, தட்டையாக, செங்கல் மாதிரி ஆகிவிடும். வரப்பில் ஏறிக் குச்சியால் சுரண்டி எறிந்தால்தான் மறுபடி நம்முடைய கால்.

போன ஐப்பசியில் அப்படிச் சுரண்டிக்கொண்டு நின்றபோது என் அக்கா மகள் ஒன்று சொன்னாள். ஏழாம் வகுப்பு படிக்கிறவள். பாதையோரம் நிறுத்தியிருந்த பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, அந்த எழுத்துக்கும் நம்மள மாதிரியே கால்ல மண்ணு ஒட்டியிருக்கு பாருங்க" என்றாள்.

பைக்கில் ஆங்கிலத்தில் 'ஹோண்டா' என்று எழுதியிருந்தது. அதன் முதல் எழுத்து இரண்டு தூண் நட்டு நடுவில் குறுக்குச் சட்டம் போட்டதுபோல இருக்கும். அந்த இரண்டு தூண்களின் அடியிலும் தட்டையான பட்டை, தலையிலும் பட்டை. எத்தனையோ வருடமாக அந்தப் பெயரைப் பார்க்கிறேன். காலைப் பார்த்தது அவள்தான்.

எழுத்தின் கோடு முடிகிற நுனியில் சிறிதாக ஒரு முடிப்பு வருகிறதல்லவா, அதற்குச் செரிஃப் என்று பெயர். அது மெல்லிய மயிர்க்கோடாக இருக்கலாம், முள் மாதிரி கூராக இருக்கலாம். தடித்த பட்டையாக இருந்தால் சிலாப் செரிஃப். சிலாப் நமக்குத் தெரியாததா? வாறுகாலுக்கு மேலே மூடிப் போட்டிருக்கிறார்களே, அதுதான். இந்தக் கட்டுரையில் நாம் அதைப் பட்டைக்கால் எழுத்து என்று கூப்பிடுவோம்.

ஏன் ஒரு எழுத்துக்கு இப்படிப்பட்ட கால் வேண்டும்? வீட்டிலேயே சோதிக்கலாம். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து, பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, அதில் இரண்டு கோடுகள் புடைத்து நிற்கும்படி வெட்டச் சொல்லுங்கள். ஒன்று நூல் மாதிரி மெல்லியது, இன்னொன்று பென்சில் தடிமன். மை தொட்டுத் தாளில் ஐம்பது தடவை குத்துங்கள். மெல்லிய கோடு முதல் பத்துக் குத்திலேயே நெளிய ஆரம்பிக்கும். சில இடத்தில் மை அதிகமாகி வழியும், சில இடத்தில் விட்டுப்போகும். தடித்த கோடு கடைசிவரை அப்படியே விழும். ஈய எழுத்துக்கும் இதே கதைதான். அச்சாபீஸில் எழுத்துகளை வார்த்தது ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் கலந்த உலோகத்தில். ஈயம் மட்டும் என்றால் நகத்தால்கூடக் கீறிவிடலாம். ஆன்டிமனி சேர்ந்தால் கெட்டிப்படும். அப்படியும் மெல்லிய நுனிகள்தான் முதலில் தேயும், முதலில் உடையும்.

சுமார் 200 வருடங்களுக்கு முன்னால் லண்டனில் சுவர்கள் நிறைய விளம்பரத் தாள் ஒட்டினார்கள். நம்முடைய பஸ் நிலையச் சுவரில் சினிமா போஸ்டருக்கு மேல் சினிமா போஸ்டர் ஒட்டுவதுபோலத்தான். அதுவரை இருந்த புத்தக எழுத்துகள் கையில் பிடித்துப் படிப்பதற்கு அழகானவை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் அவற்றின் மெல்லிய கோடுகள் காணாமல் போய்விடும். 1815 வாக்கில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் பட்டைக்கால் வைத்த தடித்த எழுத்துகளைக் கொண்டுவந்தார். தூரத்திலிருந்தும் கண்ணில் விழுந்தன. இந்த வகைக்கு 'எகிப்தியன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1798ல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போன பிறகு ஐரோப்பாவில் எதற்கெடுத்தாலும் எகிப்து மோகம். எழுத்துக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். 1845ல் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் வெளியிட்ட 'கிளாரண்டன்' எழுத்து போஸ்டரிலிருந்து புத்தகத்துக்கே வந்து சேர்ந்தது. அகராதியில் நீங்கள் தேடும் சொல் மட்டும் தடித்துத் தெரியும் அல்லவா? அந்த வேலையை அது அருமையாகச் செய்தது.

நம் பக்கத்தில் எழுத்து சின்ன இடத்தில் பளிச்சென்று தெரியவேண்டிய தேவை தீப்பெட்டியோடு வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, அடுத்த வருடம் தொழில் தொடங்கினார்கள். பிறகு கோவில்பட்டி, சாத்தூர் என்று இந்த மானாவாரி பூமி முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ்கள். பெட்டி என்றால் லேபிள் வேண்டும், லேபிள் என்றால் அச்சு வேண்டும். சிவகாசி அச்சுத் தொழில் வளர்ந்தது அப்படித்தான். ஒரு லேபிள் ஏறத்தாழ 5 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம். அதற்குள் ஒரு மயிலோ புலியோ நிற்கவேண்டும், பெயரும் இருக்கவேண்டும், எத்தனை குச்சி என்பதும் இருக்கவேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது தீப்பெட்டிப் படங்களை ரூபாய் நோட்டு மாதிரி வைத்து விளையாடுவோம். பழைய லேபிள்கள் யார் வீட்டிலாவது கிடைத்தால் எழுத்துகளின் காலைப் பாருங்கள். பட்டைக்கால்கள் நிறைய அகப்படும்.

இனி அக்கா மகளின் கேள்வி ஒன்று. அவளுடைய அக்கா டைப் கிளாஸ் போகிறாள், லோயர் பரீட்சைக்கு. அந்த அக்கா அடித்த தாளை இவள் கொண்டுவந்து காட்டினாள். "மாமா, இந்தச் சின்ன ஐ-க்கு மட்டும் ஏன் இம்புட்டுப் பெரிய காலு?"

நல்ல கேள்வி. டைப்ரைட்டரில் ஒரு சாவியைத் தட்டினால் தாள் சுற்றிய உருளை ஒரு படி நகரும். எந்த எழுத்தாக இருந்தாலும் அதே ஒரு படிதான். பல இயந்திரங்களில் ஒரு அங்குலத்துக்குப் பத்து எழுத்து. எம் என்ற எழுத்து குண்டு, ஐ என்ற எழுத்து ஒற்றைக் குச்சி. இருவருக்கும் ஒரே அளவு இருக்கை கொடுத்தால் எம் நெருக்கியடித்து உட்காரும், ஐ-யைச் சுற்றி வெற்றிடம் கிடக்கும். சொல்லின் நடுவில் பல் விழுந்த மாதிரி இருக்கும். அதனால் ஐ-க்கு இரண்டு பக்கமும் நீளமான பட்டைக்கால் போட்டு இருக்கையை நிரப்பினார்கள். 1955 வாக்கில் ஹோவர்ட் கெட்லர் என்பவர் ஐபிஎம் நிறுவனத்தின் டைப்ரைட்டருக்காக வரைந்த 'கூரியர்' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் பார்க்கலாம். அதே 1955ல்தான் நம் நாட்டில் கோத்ரெஜ் நிறுவனம் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கியது. டைப் கிளாஸ்களில் டகடகவென்று ஓடுகிற பழைய இயந்திரங்களில் கோத்ரெஜ் நிறைய உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் நிற்கிற எழுத்து. எழுத்து சாய்ந்தால்?

சாய்வெழுத்து பிறந்தது இத்தாலியில், வெனிஸ் நகரத்தில். ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் 1501ல் ஒரு புத்தகம் முழுவதையும் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அந்த எழுத்துகளைச் செதுக்கியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. படித்தவர்கள் வேகமாகக் கையால் எழுதும்போது எழுத்து எப்படி வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஓடியதோ, அதைப் பார்த்துச் செய்தது அது. ஆகவே சாய்வெழுத்து ஓடுகிற எழுத்து. பட்டைக்கால் எழுத்தோ நிற்கிற எழுத்து. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்தால் என்ன ஆகும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காலித் தீப்பெட்டிகள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்து ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்குங்கள். இது நிமிர்ந்த எழுத்தின் ஒரு தூண். இப்போது இரண்டாவது பெட்டியை நீளவாக்கில் 3 மி.மீ. வலப்பக்கம் தள்ளுங்கள். மூன்றாவதை அதிலிருந்து இன்னும் 3 மி.மீ. இப்படியே மேல்வரை. ஒரு பெட்டியின் கனம் ஏறத்தாழ 15 மி.மீ. என்றால், ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் தூண் சாய்கிறது. கோணமானியை வைத்தால் சுமார் 11 டிகிரி. பல சாய்வெழுத்துகளின் சாய்வு இதை ஒட்டித்தான் இருக்கும்.

கவனியுங்கள்: பெட்டி எதுவும் சாயவில்லை, எல்லாம் படுத்தேதான் இருக்கின்றன. மொத்த உயரம் மாறவில்லை. பக்கவாட்டில் பார்க்கிற பரப்பும் மாறவில்லை, ஏனென்றால் பெட்டிகள் அதே பத்துதான். செவ்வகம் இணைகரம் ஆகிவிட்டது, அவ்வளவே. இப்படி அடுக்கடுக்காகப் பக்கவாட்டில் நகர்வதைத் துணிப்பு என்கிறது கணிதம். கம்ப்யூட்டரில் சாய்வுப் பொத்தானை அழுத்தும்போது, அந்த எழுத்துக்கென்று தனிச் சாய்வெழுத்து இல்லாவிட்டால், கம்ப்யூட்டர் செய்வது இதைத்தான்.

இன்னும் பெட்டி அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தூண் சரியும். மேலே இருக்கும் பெட்டிகள் எல்லாவற்றின் எடையும் கூடும் புள்ளி அடிப்பெட்டியின் விளிம்பைத் தாண்டும்போது அது நடக்கும். நீளவாக்கில் தள்ளினால் பதினாறு பதினேழு பெட்டி தாங்கும். அகலவாக்கில் தள்ளினால் பன்னிரண்டிலேயே சரியலாம். தாளில் அச்சிட்ட எழுத்து விழப்போவதில்லை. ஆனால் நம் கண் பிறந்ததிலிருந்து விழுகிற பொருள்களைப் பார்த்துப் பழகிய கண். தடித்த தூண் ஒன்று சாய்ந்து நின்றால் அதற்குப் பதைப்பு வரும். அடியில் அகலமான பட்டையைப் பார்த்தால் அடங்கும். சாய்ந்த எழுத்துக்குப் பட்டைக்கால் கொடுக்கும் உதவி இது.

உதவி மட்டும் இல்லை, தொல்லையும் உண்டு. நூறு பக்க நோட்டுகள் ஏழெட்டை அடுக்கி, அடுக்கின் பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் தடித்த வளையம் ஒன்று வரையுங்கள். சுற்றிலும் ஒரே தடிமன் இருக்கட்டும். இப்போது அடுக்கை ஐந்துக்கு ஒன்று சாயுங்கள். வளையத்தை வரைபடம் மாதிரி பாருங்கள். வடகிழக்கிலும் தென்மேற்கிலும் கோடு தடித்திருக்கும், வடமேற்கிலும் தென்கிழக்கிலும் மெலிந்திருக்கும். 10 மி.மீ. தடிமன் ஒரு பக்கம் 11 ஆகவும் இன்னொரு பக்கம் 9 ஆகவும் மாறிவிடும். சேற்றில் சறுக்கிய சக்கரம் மாதிரி ஒரு கோணல். தூணுக்கும் சிறிது மெலிவு வரும், நூற்றுக்கு இரண்டு பங்கு. பட்டைக்காலோ படுத்த கோடு, ஆகவே அதன் தடிமன் துளியும் குறையாது. விளைவு, உடம்பு கொஞ்சம் இளைக்க, கால் மட்டும் அப்படியே கனத்துத் தெரியும்.

மூலைகளைப் பாருங்கள். நிமிர்ந்த தூணும் பட்டையும் சந்திக்கும் இடம் இரண்டு பக்கமும் 90 டிகிரி. சாய்ந்த பிறகு ஒரு பக்கம் 79, மறுபக்கம் 101. அந்தக் குறுகிய மூலைக்குள் அச்சு மை தேங்கி அடைத்துக்கொள்ளும். ஈய எழுத்துக் காலத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எழுத்து நிற்கும் உலோகக் கட்டை நேர்ச்செவ்வகம். எழுத்து சாய்வு. அதனால் சில எழுத்துகளின் தலை கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தூண் இல்லாத சன்ஷேடு போல. அழுத்தம் பட்டால் அந்த நீட்டம்தான் முதலில் முறியும்.

ஆகவே எழுத்து வரைகிறவர் துணிப்போடு நிறுத்தக்கூடாது. கோணலான வளையத்தைக் கையால் சரிசெய்யவேண்டும், காலின் கனத்தைக் குறைக்கவேண்டும். எவ்வளவு குறைப்பது? அதற்குச் சூத்திரம் இல்லை. வரைந்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி வரைவதுதான் வழி.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அங்கே மைதானத்தில் பந்தை விரட்டி ஓடுகிறவரின் காலைக் கவனியுங்கள். நிற்கும்போது உள்ளங்கால் முழுதும் தரையில் இருக்கும். ஓடும்போது பின்காலில் முன்பாதம் மட்டும் தரையை உந்தும், குதிகால் மேலே. பட்டைக்கால் சாய்வெழுத்தை நன்றாகச் செய்கிறவர்கள் கண்டுபிடித்ததும் கிட்டத்தட்ட அதுதான். நிமிர்ந்த எழுத்தில் காலுக்கு இரண்டு பக்கமும் பட்டை. சாய்ந்த எழுத்தில் பல இடங்களில் ஒரு பக்கப் பட்டை போதும்: தலையில் இடப்பக்கம், அடியில் வலப்பக்கம். எழுதுகிற கை இடமிருந்து வந்து, வலப்பக்கம் இழுத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போகிறதல்லவா, அந்தப் போக்கை அரைப்பட்டை காட்டிவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் மத்தியாஸ் நோர்ட்சை 1990ல் வெளியிட்ட 'சிசிலியா' எழுத்தின் சாய்வு வடிவத்தில் கையெழுத்தின் ஓட்டம் இருக்கும், பட்டையும் இருக்கும். கிண்டில் என்ற மின்புத்தகக் கருவி வந்த புதிதில் பக்கம் பக்கமாக மக்கள் படித்தது இந்தச் சிசிலியாவில்தான். 1934ல் வந்த 'ராக்வெல்' என்ற புகழ்பெற்ற பட்டைக்கால் எழுத்தின் சாய்வு வேறு வழி. அது நிமிர்ந்த எழுத்தையே சாய்த்தது. விளம்பரத் தலைப்புக்கு அந்த முரட்டுத்தனம் பொருந்தும். நாள் முழுக்கப் படிக்க எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

சரி, இந்தச் சாய்வெழுத்து எதற்குப் பயன்படுகிறது? 'இந்தச் சொல் மற்றவை போல இல்லை, தனி' என்று சத்தமில்லாமல் சொல்வதற்கு. புத்தகப் பெயர், கப்பல் பெயர், வேற்று மொழிச் சொல் இவற்றை ஆங்கில நூல்களில் சாய்த்து அச்சிடுவார்கள். அறிவியலில் இது உறுதியான வழக்கமாகவே ஆகிவிட்டது. நம் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் 1901ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணின் பருத்தியையும் தானியங்களையும் ஆராய்ந்து வருகிறது. கருங்கண்ணியின் அறிவியல் பெயர் கோசிப்பியம் ஆர்போரியம். உலகத்தில் எந்த நாட்டு அறிவியல் இதழில் அந்தப் பெயர் வந்தாலும் சாய்வெழுத்தில்தான் வரும். படிக்கிறவர் ஒரு பார்வையிலேயே 'இது உயிரினத்தின் பெயர்' என்று பிடித்துக்கொள்வார்.

இங்கே டைப்ரைட்டர் மறுபடி வருகிறது. பட்டைக்கால் டைப்ரைட்டரில் சாய்வெழுத்துக்கு ஏது இடம்? ஒரு இயந்திரத்தில் ஒரே வகை எழுத்துதான். ஆகவே விஞ்ஞானிகள் கட்டுரையை அடிக்கும்போது, சாயவேண்டிய பெயருக்கு அடியில் கோடு போட்டு அனுப்பினார்கள். அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற கம்போசிட்டர் அந்தக் கோட்டைப் பார்த்தால் சாய்வெழுத்துப் பெட்டிக்குக் கையைக் கொண்டுபோவார். உங்கள் உயிரியல் ஆசிரியர் 'அறிவியல் பெயருக்கு அடிக்கோடு போடு' என்கிறாரே, அது இதுதான். பேனாவால் எழுதுகிற நாம் சாய்வெழுத்துக்குப் பதிலாகப் போடும் அடையாளம் அந்தக் கோடு. 1961ல் ஐபிஎம் வெளியிட்ட 'செலக்ட்ரிக்' டைப்ரைட்டரில் எழுத்துகள் எல்லாம் ஒரு சின்னப் பந்தின் மேல் இருந்தன. பந்தைக் கழற்றி வேறு பந்து மாட்டினால் சாய்வெழுத்து கிடைத்தது.

இயற்பியல் புத்தகத்தையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஆங்கில எம் சாய்ந்திருந்தால் நிறை. அதே எம் நிமிர்ந்திருந்தால் மீட்டர். அளந்து கண்டுபிடிக்கவேண்டியதைச் சாய்த்தும், அலகை நிமிர்த்தியும் அச்சிடுவது உலக வழக்கம். பத்துப் பதினோரு டிகிரி சாய்வில் அர்த்தமே மாறிவிடுகிறது.

தமிழுக்கு இந்த வழக்கம் வெளியிலிருந்து வந்ததுதான். நம் எழுத்து அச்சுக்கு முன்னால் ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று புள்ளி வைக்காமலே எழுதினார்கள். புள்ளி இல்லாததால் குழம்பிய எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்ட இன்று நாம் எழுதுகிற முறையைத் தந்த வீரமாமுனிவர், கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள காமநாயக்கன்பட்டியில் இருந்து பணிசெய்தவர். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' 1578ல் கொல்லத்தில் வந்தது. அதன் பிறகு நூற்றாண்டுகள் போயும் தமிழ் ஈய எழுத்தில் சாய்வு ஒரு வழக்கமாக வேர்விடவில்லை. ஒரு சொல்லை எடுத்துக்காட்டவேண்டுமென்றால் கம்போசிட்டர் தடித்த எழுத்தைப் போட்டார். இப்போது கம்ப்யூட்டரில் தமிழைச் சாய்க்கிறோம், பெரும்பாலும் தீப்பெட்டி அடுக்கைத் தள்ளுவதுபோல. ழகரமும் ஞகரமும் வளைந்து வளைந்து போகிறவை. வளையத்துக்கு வந்த அதே கோணல் அவற்றுக்கும் வருகிறது. எனக்கு அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். சாய்ந்த நிலையிலேயே பிறந்த தமிழ் எழுத்தும் இல்லாமல் இல்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவனார்' கையெழுத்துப் போக்கில் சாய்ந்து செல்வது. கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் சிலேட்டில் ஒரு 'ட' எழுதினாள். ஒரு தூண், அடியில் ஒரு பட்டை. "இது பிறக்கும்போதே பட்டைக்கால்தான மாமா?" என்றாள். பிறகு அதையே சாய்த்து எழுதினாள். கால் வலப்பக்கம் மட்டும்தான் நீண்டிருந்தது, அந்த அரைப்பட்டை மாதிரியே. அடுத்து 'ப' எழுதினாள், சாய்த்தாள், பிடிக்கவில்லை, அழித்தாள். நான் கிளம்பும்போது மூன்றாவது 'ப'வின் அடியைச் சுண்டுவிரலால் கொஞ்சம் துடைத்து மெலிதாக்கிவிட்டு, சிலேட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.